கடைசிப் படத்துக்கு அப்பால்

காலையில் கண் விழித்ததும் பூவரசனின் சிறுநீரகம் அவனிடம் அனுமதி கேட்டது.

தினமும் கேட்கிற அனுமதிதான். "என்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டுமா? இப்போதா, பிறகா?" என்று காதுக்குள் ஒரு பணிவான குரல். "பிறகு" என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு அவன் புரண்டு படுத்தான். கடல் பாரிமுனை வரை வந்துவிட்ட அந்தக் காலத்துச் சென்னையில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். குரலும் அலுத்துக்கொள்ளாமல் மறுநாள் வந்து கேட்கும்.

குரல் உண்மையில் சிறுநீரகத்துடையது அல்ல. அதை ஒட்டிப் பொருத்தியிருந்த நீர்மீட்பியுடையது. நெல்லிக்காய் அளவுக் கருவி. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்காரவைத்து, காதுகுத்து மாதிரியே விழா எடுத்துப் பொருத்திவிடுவார்கள். உடம்பு வெளியே தள்ளப் பார்க்கும் நீரை அது வடிகட்டி மறுபடி ரத்தத்துக்கே கொடுத்துவிடும். எஞ்சிய உப்பு வியர்வையோடு போய்விடும். சாப்பாடும் வில்லையாகச் சுருங்கி நெடுங்காலமாகிவிட்டதால் வயிற்றுக்கு இருந்த மற்ற வேலையும் நின்றுபோயிருந்தது. எனவே அந்த ஊரில் எவரும் எழுந்ததும் எங்கும் ஓடவேண்டியதில்லை. வீடுகளில் அதற்கென்று ஓர் அறையும் கிடையாது. பயணம் கிளம்புமுன் "போய்ட்டு வந்துடு" என்று பிள்ளைகளை விரட்டும் அம்மாக்கள் இல்லை. மனித இனம் எத்தனையோ விடுதலைகளுக்காகப் போராடியிருக்கிறது. சத்தமில்லாமல் கிடைத்த இந்த விடுதலைக்கு ஒரு சிலைகூட யாரும் வைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அன்று காலை பூவரசனுக்கு வேறு கவலை. அல்லியின் அப்பா அவனை நடக்கவைத்துப் பார்க்கப் போகிறார்.

பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சாப்பிடும் வழக்கம் பஜ்ஜியோடு போயிற்று. அதன் இடத்தில் வந்தது நகர்நடை. பழைய சென்னையையும் புதிய சென்னையையும் ஒரு முற்பகல் முழுக்கக் காட்டி, கட்டடங்களின் கதை சொல்லும் நடை அது. மாப்பிள்ளையாக வரப்போகிறவனோடு வெயிலில் நடந்தால் அவன் பொறுமை, பேச்சு, பணிவு எல்லாம் தெரிந்துவிடும் என்று பெற்றோர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அல்லியும் பூவரசனும் மேல்தள ரயிலில் பார்த்துப் பழகி, ஒருவரையொருவர் முடிவு செய்துகொண்டவர்கள். செவ்வாயில் வேலை பார்க்கும் அல்லியின் அம்மாவும் அங்கிருந்தே சம்மதம் சொல்லிவிட்டாள். பாக்கி இருந்தவர் அப்பா தணிகாசலம் ஒருவர்தான்.

தணிகாசலம் லேசுப்பட்டவர் அல்லர். நீர்மீட்பிகளைப் பராமரிக்கும் துறைக்கே தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கருவி பழுதாகாது என்பது அவருடைய வேதம். அப்படியும் யாருக்காவது நின்றுபோனால் அந்த ஆளைத்தான் பழுது என்பார். அல்லிக்கு முன்பு பார்த்த ஒரு பையனை, அவன் கருவி ஒருமுறை நின்றது என்று தெரிந்ததும் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அது சொல்றதக் கேட்டு நடந்தா அது ஏன் நிக்குது? தன் உடம்பையே பாத்துக்கத் தெரியாதவன் என் பொண்ண எப்படிப் பாத்துக்குவான்?" என்று அன்றைக்குக் கேட்டாராம். இதை அல்லியே பூவரசனிடம் சொல்லிச் சிரித்திருந்தாள். பூவரசனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

நடை தொடங்கும் இடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். தணிகாசலம் பெரிய குடுவையில் மோர் கொண்டுவந்திருந்தார். சாப்பாடு எல்லாம் வில்லைக்குள் அடங்கிவிட்டாலும் மோர் மட்டும் அடங்க மறுத்து, இஞ்சி கறிவேப்பிலையோடு இன்னும் உயிரோடு இருந்தது. அவர் ஊற்றிக் கொடுக்கக் கொடுக்கப் பூவரசன் வாங்கிக் குடித்தான். வருங்கால மாமனார் கொடுக்கும் மோரை எந்த இடத்தில் போதும் என்பது, சொல்லுங்கள். அவனுக்குச் சளைக்காமல் தணிகாசலமும் குடித்தார். கூட்டத்தில் ஓர் அம்மாள் குடிக்கும்போது இரண்டு சொட்டு கீழே சிந்தின. உடனே நடைபாதை, "மோர் சிந்தியிருக்கிறது. சிந்தியவர் திருமதி கோமளா. கவலை வேண்டாம்" என்று உரக்க அறிவித்துவிட்டுத் தன்னைத் தானே துடைத்துக்கொண்டது. புதிய சென்னையில் தரைக்கு எல்லாம் தெரியும்.

அவர்களை அழைத்துப்போக வந்த இயந்திரத்துக்கு வழிகூறி என்று பெயர். இடுப்பளவு உயரம், மூன்று கால், பாடப் புத்தகத் தமிழ். தெரிந்ததை ஒளிக்கவும் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவும் அதற்குப் பழக்கித் தரவில்லை.

முதலில் முகில்மாடத்தைக் காட்டியது. பவளம் வளர்வதுபோல் தானாக வளரவிடப்பட்ட கோபுரம். காற்று வரும் பக்கம் மெல்லத் திரும்பிக்கொள்ளும் மாடிகள். அவ்வளவு உயரமும் கரும்பு மாதிரி ஒல்லியாக நிற்பதைப் பார்த்து எல்லோரும் கழுத்து வலிக்க நிமிர்ந்தார்கள். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று வழிகூறி விளக்கியது. பழைய கட்டடங்கள் பருத்திருந்ததற்குக் காரணம் அவற்றுக்குள் ஓடிய குழாய்கள். தண்ணீர் ஏறும் குழாய், கழிவு இறங்கும் குழாய், அவற்றுக்கான அறைகள். மனித உடம்பு திருந்தியதும் கட்டடங்களும் இளைத்துவிட்டன. இந்த முழு நகரத்தின் புதிய கட்டடங்களில் ஒரு வடிகால்கூட இல்லை என்று அது பெருமையோடு சொல்லி முடித்தது.

அப்போதுதான் பூவரசனின் காதுக்குள் அந்தக் குரல் பேசியது.

"போன தீபாவளியிலிருந்து தாங்கள் 'பிறகு' என்றே சொல்லி வருகிறீர்கள். இனியும் பொறுப்பதற்கு விதிகளில் இடமில்லை. புதுப்பித்தல் இதோ தொடங்குகிறது. முடியும்வரை தங்கள் உடல் தன் பழைய வழியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வணக்கம்."

வணக்கம் சொன்னதோடு சரி, பிறகு அது வாய் திறக்கவில்லை. பழைய வழி என்றால் என்ன என்று பூவரசனுக்கு முதலில் விளங்கவில்லை. முகில்மாடத்தின் நிழல் தாண்டுவதற்குள் விளங்கிவிட்டது. அடிவயிற்றில் ஏதோ கனத்தது. ஐந்து வயதுக்குமுன் எப்போதோ அறிந்து மறந்த ஒரு கனம். அவன் குடித்த மோர் அத்தனையும் ஒன்றுகூடிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

பாதியில் கிளம்பிப் போகலாம். ஆனால் எங்கே போவது? வீட்டில் அந்த அறை இல்லை. ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. போனால் அல்லியின் அப்பாவுக்குக் காரணம் சொல்லவேண்டும். தெருவில் ஓர் ஓரமாக ஒதுங்கினாலோ தரை பெயர் சொல்லி அறிவிக்கும். பூவரசனுக்கு உள்ளங்கால் வியர்த்தது. நான் இதை விளையாட்டாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். ஒரு மனிதனுக்கு அந்த நேரத்தில் கல்யாணம், மானம், எதிர்காலம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டி நின்றால் அது சிரிக்கிற விஷயமே அல்ல.

அவன் கூட்டத்தின் முன்னால் போய் வழிகூறியிடம், பழைய கட்டடங்களில் அந்த மாதிரி அறைகள் இன்னும் இருக்கின்றனவா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டான். இருப்பதாகவும், ஒன்றைச் சற்று நேரத்தில் பார்க்கப் போவதாகவும் அது சொன்னது. பூவரசனுக்கு உயிர் வந்தது. அதன்பின் அவன் நடந்த வேகத்தைப் பார்த்து, கட்டடக் கலையில் பையனுக்கு இவ்வளவு ஆர்வமா என்று திருமதி கோமளா வியந்தார். அல்லி கூடவே வந்து ஏதேதோ பேசினாள். அவன் உம் கொட்டினான். அவள் முகம் கொஞ்சம் வாடியது. அதைக் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை.

வெள்ளைக்காரர் காலத்துச் சிவப்புக் கட்டடம் ஒன்று வந்தது. குவிமாடங்கள், வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடிகள். கண்ணுக்குத் தெரியாத நுண்பொறிகளை ஏவி, கடல் அரித்த ஒவ்வொரு செங்கல்லையும் பழையபடி மீட்டிருந்தார்கள். மாடிப்படி திரும்பும் மூலைகளில் கீழிருந்து முழங்கால் வரை தெறித்திருந்த செந்நிறத்தையும் ஒரு புள்ளி விடாமல் மீட்டு, கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள். பல காலம் பலர் சேர்ந்து வரைந்த சுவரோவியம் என்றும், வெற்றிலைச் சாறும் சுண்ணாம்பும் கலந்தது என்றும், எந்த ஓவியரும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாத அடக்கம் வியப்புக்குரியது என்றும் வழிகூறி சொன்னது. சிலர் கைதட்டினார்கள். பூவரசன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

கட்டடத்தின் பின்புறம் அந்த அறை இருந்தது. தனியாக ஒரு சின்னக் கட்டடம். சுவரில் மீசை வைத்த ஓர் ஆண் முகம் வரைந்து, 'பொதுமக்கள் உபயோகத்திற்கு' என்று எழுதியிருந்தது. பூவரசனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கிட்டே போனான். கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

வழிகூறி விளக்கியது. "இக்கட்டடத்தின் பழைய புகைப்படங்கள் பல கிடைத்துள்ளன. அனைத்திலும் கதவில் பூட்டு காணப்படுகிறது. ஆகவே பூட்டும் கட்டடத்தின் ஒரு பகுதியே என்று வல்லுநர்கள் முடிவு செய்து, அதனையும் உள்ளது உள்ளவாறே மீட்டுள்ளனர்."

சாவி எங்கே என்று பூவரசன் கேட்டான். 

"சாவி வாட்ச்மேனிடம் இருப்பதாக ஒரு குறிப்பு உண்டு. வாட்ச்மேன் எங்கே இருந்தார் என்பதற்குக் குறிப்பு இல்லை."

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது?" என்று தணிகாசலம் கேட்டார். வெயில் சார் என்றான் பூவரசன். ஆமாம், வெயில்தான் என்று அவரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.  காலையில் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மனிதர், சற்று நேரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தன்மேல் கோபம் என்று பூவரசன் நினைத்தான்.

கடைசியாக ஒரு சுற்றுச்சுவரைக் காட்டக் கூட்டிப்போனது வழிகூறி. அது ஏதோ ஓர் அலுவலகத்தின் சுவர். அலுவலகம் போய்ச் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. நீளமான சுவர். அதன் அடிப்பகுதியில், முழங்கால் உயரத்தில், வரிசையாகப் பீங்கான் வில்லைகளில் சாமி படங்கள். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, பிறையும் பள்ளிவாசலும், முருகன், சிலுவை, அம்மன், மறுபடி பிள்ளையார். நுண்பொறிகள் துடைத்து வைத்த படங்கள் நேற்றுப் பதித்தவைபோல் மின்னின.

இந்த நடையிலேயே மிக அரிய இடம் இதுதான் என்று வழிகூறி குரலைத் தணித்துச் சொன்னது. எல்லா மதங்களும் ஒரே சுவரில் சமமாக வீற்றிருக்கும் இப்படியோர் ஆலயம் உலகில் வேறெங்கும் கண்டெடுக்கப்படவில்லை. ஆனால் படங்களை ஏன் இவ்வளவு தாழ்வாகப் பதித்தார்கள் என்பதுதான் புதிர். பிள்ளைகள் கும்பிடுவதற்காக என்று ஒரு சாரார் சொல்லிவந்தார்கள். அந்தக் காலத்தவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் இங்கே வழிபட்டார்கள், அதற்குச் சில ஓவியச் சான்றுகள்கூட உண்டு என்று இன்னொரு சாரார். ஆய்வு தொடர்கிறது என்றது வழிகூறி.

எல்லோரும் பயபக்தியோடு குனிந்து கும்பிட்டார்கள். பூவரசனும் குனிந்தான், குனிந்ததால் நிலைமை இன்னும் மோசமானது. இந்தச் சுவரைப் பார்த்ததும் அவன் உடம்பு ஏனோ, இதுதான் இடம், இதுதான் இடம் என்று சொன்னது. படங்களைப் பார்த்ததும் சேச்சே என்று பின்வாங்கியது. வருவதும் பின்வாங்குவதுமாக இருந்த அந்த உடம்புக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. எத்தனையோ அறிஞர்களின் மூளைக்கு எட்டாத விஷயம் அவன் அடிவயிற்றுக்கு எட்டிவிட்டது. இந்தச் சுவரைக் கட்டியவர்களின் ஆலயம் அல்ல இது. இந்தச் சுவர் முன்னால் தன்னைப் போலவே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்களைச் சேச்சே என்று பின்வாங்கவைக்கப் பதித்த படங்கள் இவை.

அவன் கண் படங்களின் வரிசையோடு ஓடி, அது எங்கே முடிகிறது என்று தேடியது. வரிசை மூலை வரை போய், திரும்பியதும் முடிவதை வழிகூறி கூட்டிவரும்போதே காட்டியிருந்தது. கடைசிப் படத்துக்கு அப்பால் சுவர் வெறுமை, தரையும் பேசத் தெரியாத பழைய மண். அங்கே காரை அரித்திருப்பது உப்புக் காற்றினால் என்று வழிகூறி போகிறபோக்கில் சொல்லியிருந்தது. கூட்டம் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பூவரசன் நழுவினான். மூலை திரும்பினான்.

அங்கே, கடைசிப் படத்துக்கு ஒரு முழம் தள்ளி, சுவரைப் பார்த்தபடி தணிகாசலம் நின்றிருந்தார்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் பயம் தெரிந்தது. பூவரசனின் முகத்தையும் அவன் நின்ற நிலையையும் பார்த்ததும் பயம் போய்விட்டது. பக்கவாட்டில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். கல்யாணம் நிச்சயமானது அந்த இடத்தில்தான் என்று நான் சொல்வேன்.

பூவரசனுக்கு அடுத்து நேர்ந்ததை என்ன வார்த்தையில் சொல்வது? தலையில் சுமந்துவந்த மூட்டையை யாரோ கைகொடுத்து இறக்கியதுபோல் இருந்தது. வெயில் குளிர்ந்தது. எங்கோ ஒரு காக்கை கத்தியதுகூட அழகாகக் கேட்டது. நீர்மீட்பியைக் கண்டுபிடித்தவர்கள் மனிதனிடமிருந்து எவ்வளவு பெரிய சுகத்தைப் பறித்துவிட்டார்கள் என்று அவன் அப்போதுதான் உணர்ந்தான்.

"நீங்களும் 'பிறகு'தானா?" என்று தணிகாசலம் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தீபாவளியிலேருந்து சார்."

"நான் ரிட்டயர் ஆனதுலேருந்து." மூலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அல்லிக்குத் தெரிய வேணாம். சார்னு கூப்பிடாதீங்க, மாமான்னே கூப்பிடுங்க," என்றார்.

இருவரும் உடையைச் சரிசெய்துகொண்டு திரும்பும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வழிகூறியின் குரல் கேட்டது. அது உற்சாகமாகப் பேசி எவரும் கேட்டதில்லை, அன்று கேட்டார்கள். சுவரின் காரைக்குள் பதித்திருந்த உணர்விகள், மூலைக்கு அப்பால் புதிய உப்புப் படிவு ஒன்றைக் கண்டிருப்பதாகவும், அது பழைய அரிப்பில் உள்ள உப்போடு நூற்றுக்கு நூறு பொருந்துவதாகவும், உப்புக் காற்று என்ற கருத்து இத்துடன் தகர்ந்தது என்றும் அறிவித்தபடி அது கூட்டத்தோடு மூலை திரும்பி வந்தது. முன்னால் அல்லி வந்தாள்.

ஈரமான சுவரையும் இரண்டு ஆண்களையும் எல்லோரும் பார்த்தார்கள். தணிகாசலத்தின் முகம் வெளுத்துப்போனது. துறைத் தலைவராக அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பெயர் அந்தச் சுவரோரம் வழிந்துகொண்டிருந்தது. பூவரசன் அவரைப் பார்த்தான். பிறகு முன்னால் வந்து, என் கருவி நின்றுவிட்டது, தாங்க முடியாமல் நான்தான் இதைச் செய்துவிட்டேன், சார் என்னைத் தேடி வந்தார், அவ்வளவுதான் என்று சொன்னான். சொல்லும்போது அவன் அல்லியைப் பார்க்கவில்லை. எல்லாம் போயிற்று என்றே நினைத்தான்.

"ஒரு திருத்தம்," என்றது வழிகூறி. "படிவுகள் இரண்டு. இரண்டிலும் ஒரே மோர்."

 அல்லி சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். திருமதி கோமளாவும் மற்றவர்களும் சிரித்தார்கள். கடைசியில் தணிகாசலமும் சிரித்தார். அவர் சிரித்து அல்லி பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"இதுக்கா மூஞ்ச அப்படி வச்சிட்டிருந்தே?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூவரசனிடம் கேட்டாள். "என்னைப் பிடிக்காமப் போச்சோன்னு காலைலேருந்து பயந்துகிட்டே வர்றேன்."

பூவரசன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அடிவயிறும் மனசும் ஒருசேர லேசாக இருந்தன.

சுவரின் பயன் இன்னதென்று தெரிந்த செய்தி ஊரெங்கும் பரவியது. அறிஞர்கள் சில நாள் எதிர்த்துப் பார்த்துவிட்டு, வழிகூறியின் உப்புக்கணக்கின் முன் அடங்கிப் போனார்கள். நகர மன்றம் கூடி, வருங்காலத்தில் யாருக்கேனும் இப்படிக் கருவி நின்றால் என்ன செய்வது என்று விவாதித்தது. ஒரே ஒரு கழிப்பறை கட்டலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். வடிகாலே இல்லாத நகரம் என்று உலகமே நம்மைப் புகழும்போது இது என்ன பேச்சு என்று அவரை உட்காரவைத்தார்கள். நீர்மீட்பி நிற்காது, நின்றவர்கள் எவரும் நம்மிடம் வந்து சொல்லவில்லை என்றது துறை. நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது.

கல்யாணம் முடிந்து பூவரசனும் அல்லியும் அந்தப் பக்கம் போனபோது தீர்மானம் செயலுக்கு வந்திருந்தது. மூலைக்கு அப்பால், மாமனாரும் மருமகனும் நின்ற அதே இடத்தில், புத்தம் புதிதாக ஒரு பிள்ளையார் படம் பதித்திருந்தார்கள். அல்லி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். பிறகு, இதுக்கு ஒரு கழிப்பறையே கட்டியிருக்கலாமே, அந்தக் காலத்து ஆளுங்களுக்கும் இது தோணியிருக்காதா என்று கேட்டாள்.  பூவரசனின் காதுக்குள் அந்தப் பணிவான குரல் வந்து, அடுத்த புதுப்பித்தல் தயார், இப்போதா, பிறகா என்று கேட்டது.

"பிறகு," என்றான்.

புதுப் படத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, சுவர் ஈரமாக இருந்தது.